‘வலதுசாரித் தேசியவாதம்’: பக்கம் எது, தேசியம் யாருடையது?

ஜெர்மனியோ இத்தாலியோ போர்த்துக்கலோ, எங்கே தேர்தல் முடிவு வந்தாலும் நம் செய்திகளில் இப்போது ஒரே வாக்கியம்தான்: வலதுசாரித் தேசியவாதக் கட்சி முன்னேற்றம். ஹட்டன் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் இதைப் படிக்கிறவர் என்ன விளங்கிக்கொள்வார்? இடதுசாரி என்றால் நமக்குத் தெரியும், சமசமாஜக்காரர், கம்யூனிஸ்ட்காரர், தோட்டத்தில் சங்கம் கட்டியவர்கள். அப்படியென்றால் வலதுசாரி அதற்கு எதிர்ப்பக்கம், யூஎன்பி (ஐக்கிய தேசியக் கட்சி) மாதிரி, முதலாளிமார் கட்சி. தேசியவாதி என்றால் நாட்டை நேசிக்கிறவர். இரண்டையும் கூட்டிப் பார்த்தால், முதலாளிமாரும் நாட்டுப்பற்றாளரும் சேர்ந்து ஜெயித்துவிட்டார்கள் என்று பொருள் வருகிறது. அங்கே நடப்பது அதுவல்ல. அதனால் இந்த இரண்டு சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

‘வலது’ வந்தது நாற்காலி வரிசையிலிருந்து. 1789இல் பிரான்சின் தேசிய சபை வெர்சாயில் கூடி, மன்னருக்குச் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் இருக்கலாமா கூடாதா என்று வாதாடியது. இருக்கட்டும் என்றவர்கள் சபைத் தலைவரின் வலப்பக்கத்தில் உட்கார்ந்தார்கள், கூடாது என்றவர்கள் இடப்பக்கத்தில். அவ்வளவுதான் தொடக்கம். பிறகு மன்னர் போனார், பக்கம் மட்டும் நின்றது. பழைய ஒழுங்கைக் காக்க நினைப்பவர் வலது, மாற்ற நினைப்பவர் இடது என்று ஆகி, 20ஆம் நூற்றாண்டில் தனியார் சொத்து, குறைந்த வரி என்பவர் வலது, பொதுவுடைமை, தொழிலாளர் உரிமை என்பவர் இடது என்று பொருள் நகர்ந்தது.

‘சாரி’ நமக்குப் பழைய சொல். சாரி சாரியாகப் போனார்கள் என்கிறோமே, அது. போர்க்களத்தில் தேரும் குதிரையும் இடமும் வலமுமாகச் சுழன்று வருவதை இடசாரி, வலசாரி என்றே சொல்லியிருக்கிறார்கள். அரசியலுக்கு அந்தச் சொல்லைக் கொண்டுவந்தபோது ‘ஒரு பக்கத்தைச் சார்ந்தவர்’ என்ற பொருளும் காதில் சேர்ந்துகொண்டது, நல்ல பொருத்தம். சிங்களத்தில் தக்ஷிணாங்ஷிக, வாமாங்ஷிக என்பார்கள், அதுவும் அதே வலது, இடதுதான். வலங்கை, இடங்கை என்று தமிழ்நாட்டில் முன்பு இருந்த சாதிப் பிரிவுகளுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, சிலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

சரி, ‘வலதுசாரி’க்குத் தமிழ் தேட வேண்டியதில்லை, அதுவே தமிழ். சிக்கல் என்னவென்றால் இன்று ஜெயிக்கிற கட்சிகளைச் சொல்ல அது மட்டும் போதவில்லை.

எவ்வளவு வேகமாக வளர்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். போர்த்துக்கலில் ‘செகா’ என்றொரு கட்சி, பெயருக்குப் பொருள் ‘போதும்’. 2019இல் நாடாளுமன்றத்தில் 1 இடம், 2022இல் 12, 2024இல் 50, 2025இல் 60. இத்தாலியில் மெலோனியின் கட்சி 2018இல் 4 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது, 2022இல் 26 சதவீதம் எடுத்து அவர் பிரதமரானார். நெதர்லாந்தில் வில்டர்சின் கட்சி 2023இல் 150 இடங்களில் 37 பிடித்து முதலிடம். ஒஸ்திரியாவில் 2024இல் சுதந்திரக் கட்சி ஏறக்குறைய 29 சதவீதத்தோடு முதலிடம், ஆனாலும் மற்றவர்கள் சேர்ந்து அதை வெளியே வைத்து அரசாங்கம் அமைத்தார்கள். ஜெர்மனியில் ஏஎப்டி (‘ஜெர்மனிக்கான மாற்று’) கட்சி 2025 பெப்ரவரியில் 20.8 சதவீதத்தோடு இரண்டாமிடம். 2013இல் அந்தக் கட்சி தொடங்கியபோது அதன் முதல் பேச்சு யூரோ நாணயத்துக்கு எதிரானது, பொருளாதாரப் பேராசிரியர்கள் முன்னால் நின்றார்கள். 2015இல் அகதிகள் பெருமளவில் வந்த பிறகுதான் குடியேற்ற எதிர்ப்பு அதன் முழு முகமானது.

இந்தக் கட்சிகளின் பொருளாதாரத்தைப் பார்த்தால் எல்லாம் பழைய வலதுசாரிக் கணக்கில் அடங்காது. பிரான்சில் மரின் லு பென்னின் கட்சி ஓய்வூதிய வயதைக் குறைக்கச் சொல்கிறது, நெதர்லாந்தில் வில்டர்ஸ் மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து கட்டும் பங்கை எடுத்துவிடுவேன் என்றார். இதெல்லாம் நம் தொழிற்சங்கமும் கேட்கக்கூடிய கோரிக்கைதான். வித்தியாசம் யாருக்குக் கொடுப்பது என்பதில் வருகிறது: வேலை, வீடு, உதவித்தொகை எல்லாம் ‘நம்மவருக்கு முதலில்’. அந்த ‘நம்மவர்’ யார் என்று கேட்டால்தான் இரண்டாவது சொல்லுக்குப் போக முடியும்.

ஓட்டுப் போட்ட எல்லாரையும் இனவெறியர் என்று தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. ஜெர்மனியில் ஏஎப்டி பலமாக இருப்பது கிழக்கில், 1990க்குப் பிறகு தொழிற்சாலைகள் வரிசையாக மூடப்பட்ட பகுதியில். வாடகை ஏறுகிறது, பழைய கட்சிகள் மாறி மாறி ஆண்டும் ஒன்றும் நடக்கவில்லை என்ற கோபம் இருக்கிறது. கோபம் உண்மையானது. அதைத் தனக்குக் கீழே இருக்கிறவன் மேல் திருப்பிவிடுகிறார்கள், அதுதான் அந்த அரசியல்.

இனி ‘தேசியம்’. ஐரோப்பிய மொழிகளில் இதற்குரிய சொல் லத்தீன் ‘நாசியோ’விலிருந்து வருகிறது, அதன் வேர் பிறத்தல். சிங்களத்தில் ‘ஜாதிக’ என்றால் தேசிய, ‘ஜாதிய’ என்றால் தேசமும் இனமும் இரண்டும், அதன் வேரும் பிறப்புத்தான். தமிழில் அதே ‘ஜாதி’ சாதியாகப் போய்விட்டதால் நாம் ‘தேசம்’ என்பதை எடுத்தோம், அது இடம், நிலம். ஆகவே தேசியவாதம் என்று படிக்கிற தமிழர் மனதில் மண் வருகிறது, மூலத்தில் இருப்பதோ பிறப்பு, இரத்தம். போதாததற்குத் ‘தமிழ்த் தேசியம்’ என்பது வடக்கு கிழக்கில் உரிமைக்காக நின்ற சொல், அந்த மரியாதையும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது.

மலையகத்துக்கு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் தமிழரான நமக்கு, இந்த வேறுபாட்டைப் பாடமாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? இங்கே பிறந்திருந்தால் போதாது, உன் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அதை நீயே நிரூபிக்க வேண்டும். லயத்து அறையில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த பிள்ளைக்குத் தோட்டத்துப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தாலே பெரிய காரியம், தாத்தாவின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? 1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்தது. அடுத்த ஆண்டு பிரஜாவுரிமையும், 1949இல் வாக்குரிமையும் பறிபோய், 1952 தேர்தலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. மண்ணில் உழைத்தது கணக்கில் வரவில்லை, பிறப்பு வந்தது.

அதைச் செய்தது யூஎன்பி அரசாங்கம், ஆகவே வலதுசாரி என்று சொல்லலாம். இடதுசாரிகள் அன்று எதிர்த்து வாக்களித்தார்கள், அதை மறக்கக்கூடாது. ஆனால் 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி பிரதமர் சிறிமாவோடு அரசாங்கத்தில் சேர்ந்தது, அதே ஆண்டு ஒக்டோபரில் அவர் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத்தவரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அப்புறம் ஜேவிபி (மக்கள் விடுதலை முன்னணி), செங்கொடி பிடித்த கட்சி, ஆரம்ப காலத்தில் இளைஞருக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’, அதில் தோட்டத் தொழிலாளியைச் சந்தேகக் கண்ணோடுதான் வைத்தார்கள். அதே ஜேவிபி தலைமையில் நிற்கும் தேசிய மக்கள் சக்தி 2024 பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில் முதலிடம் பிடித்தது, கட்சிகளும் மாறத்தான் செய்கின்றன. நான் சொல்ல வருவது, இந்த நாட்டில் பிறப்பை வைத்து ஆளைத் தள்ளுகிற அரசியல் வலதிலும் இருந்தது, இடதிலும் இருந்தது. ஐரோப்பாவில் அது பெரும்பாலும் வலதில் இருப்பதால் அங்கே அந்த அடைமொழி வருகிறது, நாம் அதை அப்படியே எடுத்துப் போட்டால் பக்கம்தான் தெரியும், சரக்கு தெரியாது.

அப்படியானால் எப்படி எழுதுவது? ‘தேசப்பற்றுக் கட்சி’ என்று எழுதுவது பிழை, அது அவர்களுடைய சுவரொட்டி. ‘தீவிர வலதுசாரி’ பரவாயில்லை, ஆனால் எதில் தீவிரம் என்று சொல்லாது. நான் ‘வலதுசாரி இனத்தேசியவாதக் கட்சி’ என்று எழுதுகிறேன், ஒரு எழுத்துக்கூட்டம் கூடினாலும் பொருள் முழுதாக வருகிறது. பெரும்பான்மை இனத்தின் பெயரால் மற்றவரை அடக்குவதைச் சொல்ல ‘பேரினவாதம்’ என்ற சொல் இலங்கைத் தமிழில் ஏற்கெனவே உறுதியாக நிற்கிறது, செயலைக் குறிக்கும் இடத்தில் தயங்காமல் அதைப் போடலாம். பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் அது பொருந்தும்.

இன்னொன்று, இந்தச் செய்திகளைத் தமிழாக்கும்போது குடியேறியவர்களுக்கு ‘வந்தேறிகள்’ என்று சிலர் எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது அந்தக் கட்சிகளின் வாயிலிருந்து வரும் சொல், நம்மைக் கள்ளத்தோணி என்று கூப்பிட்டதும் அதே குரல்தான். 1823இல் கம்பளைக்குப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் தொடங்கிய காலத்தில் இந்த மலைக்கு வரத் தொடங்கிய சனம் நாம், 2023இல் 200 வருடம் நினைவுகூர்ந்தோம். ‘குடியேறியவர்’ என்றோ, பேச்சில் சொல்வதுபோல ‘வந்து குடியிருக்கிறவங்க’ என்றோ எழுதினால் போதும்.