மார்பு, மார்பகம், முலை: எந்தச் சொல் எதற்கு?

"மார்பு வலிக்கிறது" என்று ஒரு பெண் சொன்னால் மருத்துவர் முதலில் இதயத்தைத்தான் நினைப்பார். அவர் சொல்ல வந்தது பால் சுரக்கும் உறுப்பைப் பற்றி என்றால், அடுத்த இரண்டு கேள்விகள் வீண். அந்த உறுப்புக்கென்றே தமிழில் ஒரு சொல் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் நமக்கு வாய் வரவில்லை.

அந்தச் சொல் முலை. பச்சைத் தமிழ்ச் சொல், மலையாளத்தில் முல, கன்னடத்தில் மொலெ. சிலப்பதிகாரத்தில் கண்ணகி "இடமுலை கையால் திருகி" மதுரையை எரிக்கிறாள், புறநானூற்றில் ஒரு கிழவி, மகன் போரில் புறமுதுகிட்டிருந்தால் அவன் பால் குடித்த முலையை அறுத்தெறிவேன் என்கிறாள். இரண்டிலும் கூச்சம் எதுவும் இல்லை. மலையாளிகள் இன்றைக்கும் முலப்பால் என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள், நாம் தாய்ப்பாலுக்கு மாறிவிட்டோம். நல்ல சொல் காலப்போக்கில் கெட்டுப்போவதை இலக்கணக்காரர்கள் இழிபொருட்பேறு என்பார்கள். கெட்டது சொல்லா, நம் காதா என்பது வேறு விஷயம்.

மார்பு என்பது நெஞ்சுப்பகுதி முழுவதும், ஆண் பெண் இருவருக்கும் பொது. சங்கப் பாடல்களில் மார்பு என்று வந்தால் பெரும்பாலும் தலைவனின் அகன்ற மார்புதான்! அதோடு இடத்தைக் குறிக்கும் அகம் சேர்ந்தது மார்பகம். இன்றைய மருத்துவத் தமிழில் இந்த உறுப்புக்கென நிலைத்துவிட்ட சொல் இதுதான், மார்புச் சளியையும் மார்பகக் கட்டியையும் பிரித்துக் காட்டுவதால் எனக்கும் இதில் குறையில்லை. கொங்கை செய்யுளோடு நின்றுவிட்டது. தனம் என்பது வடமொழி ஸ்தனம், செல்வத்தைக் குறிக்கும் தனம் வேறு வடமொழிச் சொல், தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன, அவ்வளவுதான்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? மார்பகத்துக்கெனத் தசை கிடையாது, மார்புத் தசையின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியும் கொழுப்பும் நார்த்திசுவும்தான். சுரப்பி 15 முதல் 20 மடல்களாகப் பிரிந்திருக்கும், அவற்றில் சுரக்கும் பால் நாளங்கள் வழியாகக் காம்புக்கு வரும். பூவைத் தாங்கும் காம்பையே இங்கும் வைத்தது அழகுதான், ஆனால் எனக்குப் பிடித்தது முலைக்கண் என்ற இன்னொரு பெயர். தேங்காய்க்குக் கண் இருக்கிறதே, அதுபோலத் துளை என்ற பொருளில். பால் ஒரே ஓட்டை வழியாக வருவதில்லை, பல நுண்துளைகள் வழியாக வருகிறது என்பதால் இது இன்னும் பொருத்தம். மார்பகத் திசுவின் ஒரு நுனி அக்குள் வரை நீளும், அதனால்தான் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும்போது அக்குளையும் தடவிப் பார்க்கிறார்கள்.

மருத்துவப் பெயர்களில் பல மாஸ்டோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை, முலை என்றே பொருள். மாஸ்டெக்டமி மார்பக நீக்கம். மாஸ்டைட்டிஸ் மார்பக அழற்சி, பாலூட்டும் தாய்மாருக்கு அதிகம் வரும், பால் கட்டிக்கொண்டு சிவந்து வலித்துக் காய்ச்சலும் அடிக்கும். மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மம்மோகிராமின் முன்பாதி லத்தீன் மம்மா, அதுவும் முலைதான், குட்டிக்குப் பால் கொடுக்கும் விலங்குகளுக்கு ஸ்வீடன் நாட்டு உயிரியலாளர் லின்னேயஸ் 1758இல் மம்மாலியா என்று பெயர் வைத்ததும் அதிலிருந்தே. நாம் அதைப் பாலூட்டி ஆக்கினோம், உறுப்பை விட்டுவிட்டுப் பாலைப் பிடித்துக்கொண்டோம்.

கட்டி என்றதும் எல்லோரும் புற்றுக்குப் போய்விடுகிறார்கள். கைக்குத் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றல்ல, நீர்க்கட்டியாகவோ, இளவயதினரிடம் தொட்டால் வழுக்கி நகரும் ஃபைப்ரோஅடினோமாவாகவோ இருக்கும். ஆனால் எது எது என்று விரலால் தீர்ப்புச் சொல்ல முடியாது, புதிதாக எந்தக் கட்டி வந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டியதுதான். புற்றுநோய்க்குக் கிரேக்கர்கள் நண்டின் பெயரை வைத்தார்கள், நாம் கரையான் எழுப்பும் புற்றின் பெயரை வைத்தோம்.

அப்புறம், ஆண்களுக்கும் மார்பகத் திசு உண்டு. பருவ வயதுப் பையன்களுக்கு அது கொஞ்சம் வீங்குவது சகஜம், பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். கைனகோமாஸ்டியா என்று பெயர், சொல்லுக்குச் சொல் பார்த்தால் பெண்முலை. தமிழில் இதற்கு ஆண் மார்பக வீக்கம் என்று எழுதுகிறார்கள், கேலிக்குப் பயந்து சட்டையைத் தளர்த்திப் போட்டுக்கொள்ளும் பையனிடம் சொல்ல இந்தப் பெயர் எவ்வளவோ மேல்.