அலுமினியக் குண்டான் இண்டக்ஷன் அடுப்பில் ஏன் காய்வதில்லை?

“இரும்பைவிட அலுமினியம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்று படித்திருக்கிறோம், அப்படியிருக்க, இண்டக்ஷன் அடுப்பில் இரும்புத் தோசைக்கல் காய்கிறது, அலுமினியக் குண்டான் மட்டும் ஏன் காய்வதில்லை?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். விடையின் பாதி அவருடைய கேள்வியிலேயே இருக்கிறது.

1831 ஆகஸ்ட் 29 அன்று இலண்டனில் மைக்கேல் ஃபாரடே, ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைத் தனித்தனியே சுற்றி, ஒன்றை மின்கலத்துடன் இணைத்தார். மற்றதன் கம்பியை ஒரு காந்த ஊசிக்கு அருகே கொண்டுசென்றார். மின்கலத்தை இணைத்த கணத்திலும் துண்டித்த கணத்திலும் மட்டுமே ஊசி அசைந்தது, அதாவது அப்போது மட்டுமே இரண்டாம் சுருளில் மின்னோட்டம் எழுந்தது. காந்தப் புலம் இருந்தால் மட்டும் போதாது, அது மாறவும் வேண்டும் என்பதே மின்காந்தத் தூண்டலின் (இண்டக்ஷன்) அடிப்படை. இண்டக்ஷன் அடுப்பின் கண்ணாடித் தட்டுக்கு அடியில் உள்ள செப்புச் சுருளில் 20 கிலோஹெர்ட்ஸுக்கும் அதிகமான அதிர்வெண்ணில் மாறுதிசை மின்னோட்டம் பாய்வதால், பாத்திரத்தின் அடிப்பாகத்தில், உலோகத்துக்குள்ளேயே வட்டமாகச் சுற்றும் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. உலோகத்தின் மின்தடை அவற்றை வெப்பமாக்குகிறது.

இனி வருவதுதான் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. ஹைன்ரிக் லென்ஸ் என்ற இயற்பியலாளரின் விதிப்படி, சுழல் மின்னோட்டம் தன்னைத் தோற்றுவித்த மாற்றத்தை எதிர்க்கிறது. மேற்பரப்பில் எழும் மின்னோட்டமே புலத்தை உள்ளே புகவிடாமல் தடுப்பதால், ஆழம் கூடக் கூடப் புலமும் மின்னோட்டமும் தேய்ந்துபோகின்றன. 24 கிலோஹெர்ட்ஸில் அலுமினியத்தில் மின்னோட்டத்தின் பெரும்பகுதி ஓடும் ஆழம் சுமார் அரை மில்லிமீட்டர். இரும்போ காந்தப் புலத்தைத் தன்னுள் பன்மடங்கு செறிவாக்குவதால், எதிர்ப்பும் வலுத்து, மின்னோட்டம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் நெருக்கப்படுகிறது. எவ்வளவு கனமான தோசைக்கல்லாக இருந்தாலும், அதன் வெப்பத்தில் பெரும்பகுதி ஒரு தாளின் தடிமனே உள்ள அடிப்பரப்பில்தான் பிறக்கிறது! பாதை குறுகுவதோடு இரும்பின் இயல்பான மின்தடையும் அதிகம் என்பதால், ஒரே அளவு மின்னோட்டத்துக்கு அலுமினியத்தைவிடச் சுமார் 30 மடங்கு வெப்பம் இரும்பில் உண்டாகிறது.

ஆக, அலுமினியத்தில் மின்னோட்டம் எழாமல் இல்லை. பெரிய தடையின்றி ஓடிவிடுவதால்தான் அது காய்வதில்லை. அந்த மின்னோட்டத்தின் எதிர்ப்புலம் சுருளின் தூண்டல் எண்ணை, அதாவது மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் அதன் திறனை, குறைத்துவிடுகிறது. அடுப்பின் கட்டுப்பாட்டுச் சுற்று இந்த மாற்றத்தை உணர்ந்து மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது.

இண்டக்ஷன் அடுப்பில் சமைத்தால் சோற்றில் கதிர்வீச்சு ஏறிவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படையே இல்லை. இந்த அதிர்வெண் வானொலி ஒலிபரப்பின் அதிர்வெண்களைவிடவும் குறைவு. உணவுக்குப் போவது பாத்திரத்தின் சூடு மட்டுமே. ஒரு சுருள், ஒரு காந்தம், மின்னோட்டத்தைக் காட்டும் ஒரு கால்வனாமீட்டர் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பள்ளி மாணவரின் கையிலும் கொடுத்துச் சோதனை செய்யச் சொன்னால் இத்தகைய அச்சங்கள் பரவமாட்டா என்று உறுதியாக நம்புகிறேன்; அதற்கு ஆகும் செலவும் அதிகமில்லை.

கேள்வி கேட்டவர் புதிய பாத்திரம் வாங்கும்போது அதன் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாத வகை உண்டு. அலுமினியத்திலோ, அடியில் காந்தம் ஒட்டும் எஃகுத் தகடு பதித்த பாத்திரங்கள் கிடைக்கின்றன, அவை இந்த அடுப்பில் நன்றாகவே காயும்.