மின்னஞ்சல் அனுப்புவது எளிது, நம்பவைப்பதுதான் கடினம்

கடவுச்சொல்லை மறந்துவிட்டுப் புதியது கேட்டால், "உங்கள் மின்னஞ்சலுக்கு இணைப்பு அனுப்பியிருக்கிறோம்" என்று இணையச் செயலி உடனே சொல்லிவிடுகிறது. அந்த நொடியில் பெரும்பாலும் மடல் கிளம்பியே இருக்காது. செயலி அதை அமேசான் எஸ்இஎஸ், சென்ட்கிரிட், மெயில்கன் போன்ற, மின்னஞ்சல் அனுப்பித் தரும் ஒரு சேவையிடம் ஒப்படைத்திருக்கும். சேவையும் "வாங்கிக்கொண்டேன்" என்று மட்டும் பதில் சொல்லி, மடலை வரிசையில் போட்டிருக்கும்.

செயலியே நேரடியாக அனுப்பினால் என்ன? அனுப்பலாம். மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி நெறிமுறையைக் கணினி அறிஞர் ஜான் போஸ்டல் 1982-இல் எழுதிவைத்தார். யாரிடமிருந்து, யாருக்கு, இதோ மடல் என்று நாலைந்து கட்டளைகளில் வேலை முடிந்துவிடும். ஆனால் "யாரிடமிருந்து" என்ற இடத்தில் எந்த முகவரியை எழுதினாலும் அந்த நெறிமுறை கேள்வி கேட்காது. போதாததற்கு, தபாலைப் போலவே இதிலும் உறைமேல் ஒரு அனுப்புநர், உள்ளே இருக்கும் மடலில் ஒரு அனுப்புநர் என இரண்டு உண்டு. நம் கண்ணில் படுவது உள்ளே இருப்பது மட்டும்தான். மோசடிக்காரர்கள் நுழைந்தது இந்த வழியாகத்தான்.

இதை அடைக்க மூன்று ஏற்பாடுகள் பின்னால் வந்தன. எந்தெந்த ஐபி முகவரிகள் (இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் எண்கள்) நம் பெயரில் அனுப்பலாம் என்று டிஎன்எஸ் எனும் இணையப் பெயர்ப் பதிவேட்டில் அறிவிப்பது எஸ்பிஎஃப். ஆனால் அது உறையை மட்டுமே பார்க்கும். டிகிம் இன்னும் வலுவானது. மடலின் உள்ளடக்கத்தையும் முக்கியமான தலைப்பு வரிகளையும் சுருக்கி, ரகசியச் சாவியால் சேவை கையெழுத்திடும். அதற்கு இணையான பொதுச் சாவி நம் டிஎன்எஸ்ஸில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். பெறும் சர்வர் அதை எடுத்துச் சரிபார்க்கும். வழியில் யாராவது தொகையையோ இணைப்பையோ மாற்றியிருந்தால் கையெழுத்து ஒத்துப்போகாது. இந்த இரண்டில் ஒன்றாவது தேறி, அதன் டொமைனும் (முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) கண்ணுக்குத் தெரியும் அனுப்புநரின் டொமைனும் பொருந்துகிறதா என்று பார்ப்பது டிமார்க். பொருந்தாவிட்டால் மடலை என்ன செய்யவேண்டும் என்பதையும் டொமைன் உரிமையாளரே அதில் சொல்லிவைக்கலாம்.

ஜிமெயில் பயனர்களுக்கு ஒரு நாளில் 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் இந்த மூன்றையும் வைத்தே ஆகவேண்டும் என்று கூகுள் 2024 பிப்ரவரியில் கட்டாயமாக்கியது. ஸ்பேம் புகார்கள் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. நல்ல முடிவு, இன்னும் முன்பே வந்திருக்கவேண்டும்.

அடையாளத்தை நிரூபித்தாலும் போதாது. ஐபி முகவரிக்கென்று ஒரு நற்பெயர் வேண்டும், அது ஒரே நாளில் வராது. சேவைகள் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருப்பது இதைத்தான். நாம் பணம் கொடுப்பதும் பெரும்பாலும் இதற்குத்தான். அதனால்தான் அவை தம் வாடிக்கையாளர்களிடம் அவ்வளவு கறாராக நடந்துகொள்கின்றன. எஸ்இஎஸ்ஸில் திரும்பிவரும் மடல்கள் 5 சதவீதத்தைத் தொட்டால் கணக்கு கண்காணிப்புக்குப் போகும், 10 சதவீதத்தில் அனுப்புவதையே நிறுத்திவைக்கலாம்.

அப்புறம், பெறும் சர்வரின் பதில். 250 என்றால் ஏற்றுக்கொண்டது. 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, சேவை இடைவெளி விட்டு மறுபடி முயலும். 5-இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு, அந்த முகவரிக்கு இனி அனுப்பக் கூடாது. சேவை இதையெல்லாம் வெப்ஹுக் (செயலி தந்த இணைய முகவரிக்குச் சேவையே தகவல் அனுப்பும் முறை) வழியாகச் செயலிக்குத் திருப்பிச் சொல்லும். பல செயலிகள் அதைக் கேட்டுக்கொள்வதே இல்லை. பயனர் வராத மடலுக்காகக் காத்திருக்கிறார்.

250 வந்தாலும் மடல் இன்பாக்ஸில்தான் இருக்கிறது என்று பொருளில்லை, ஸ்பேம் பெட்டியிலும் இருக்கலாம். திறந்து பார்த்தாரா என்பதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். ஆப்பிள் மெயில் 2021 முதல் அத்தகைய படங்களை முன்கூட்டியே தானாக இறக்கிவிடுவதால் அந்தக் கணக்கையும் நம்ப முடியாது. இணைப்பைச் சொடுக்கியதையாவது நம்பலாமா என்றால், அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள்களும் இணைப்புகளைத் திறந்து சோதிக்கின்றன. ஆகவே கடவுச்சொல் மாற்றும் இணைப்பு, திறந்த உடனேயே செல்லாததாகிவிடக் கூடாது. திறந்த பக்கத்தில் புதிய கடவுச்சொல்லை எழுதிப் பொத்தானை அழுத்திய பிறகே அது காலாவதியாகவேண்டும்.