பேய்ச் சாட்சி அல்ல, உருவெளிச் சாட்சியம்

சேலம் சூனிய வழக்குகளை (நம்ம சேலம் இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் சேலம்) வைத்து எழுதும் கிறிஸ்தவ நாவல்களில் இன்றைய இளம்பெண் ஒருத்தி வருவாள். 1692இல் தூக்கில் தொங்கியவள் தன் மூதாதை என்று அவளுக்குத் தெரியவரும். கதை எப்படியோ போகட்டும். அதைத் தமிழில் சொல்கிறவர்கள் ‘ஸ்பெக்ட்ரல் எவிடன்ஸ்’ (இன்னாரின் உருவம் வந்து என்னை வதைத்தது என்று நீதிமன்றத்தில் சொல்வது) வந்ததும் ‘பேய்ச் சாட்சி’ என்று போட்டுவிடுகிறார்கள். அதுதான் பொறுக்கவில்லை.

மூலம் லத்தீன். ‘ஸ்பெக்ட்ரம்’ என்றால் தோற்றம். பார்த்தல் என்ற வினையிலிருந்து வந்தது.

நமக்குப் பேய் என்றால் செத்தவர். அங்கே வழக்கில் வந்ததோ உயிரோடிருப்பவரின் உருவம். 71 வயது ரெபெக்கா நர்ஸ் நோயில் வீட்டோடு கிடந்தார். அவர் உருவம் வந்து கிள்ளுகிறது, கழுத்தை நெரிக்கிறது என்று குற்றம் சாட்டினார்கள். மற்றவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆளே சம்மதித்து அந்த உருவை அனுப்பினாரா, அவருக்குத் தெரியாமல் பிசாசு எடுத்துக்கொண்டதா? உயிர் போவதும் நிற்பதும் இந்தக் கேள்வியில் இருந்தது. சாமுவேலின் உருவில் வந்தவன் யார் உருவிலும் வரலாமே என்று விசாரணையில் கேட்டார், குற்றம் சாட்டப்பட்ட இன்னொருவரான சூசன்னா மார்ட்டின். செத்த தீர்க்கதரிசி சாமுவேலைச் சவுல் ராஜாவுக்காக எழும்பிவரச் செய்த, எந்தோரின் அஞ்சனம் பார்க்கிற ஸ்திரீ கதையை பைபிளில் படித்தவர்களுக்கு அந்த வாதத்தின் கூர்மை புரியும். கேட்டும் பயனில்லை, ஜூலை 19 அன்று இருவரையும் தூக்கிலிட்டார்கள். போதகர் ஜார்ஜ் பரோஸ் மீதான வழக்கில் செத்த மனைவியரின் ஆவிகளையும் கண்டதாகச் சொன்னார்கள். பேய் என்ற சொல் அங்கே பொருந்தும். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் எதை எதிலிருந்து பிரிப்பது?

‘ஆவிச் சாட்சி’ இன்னும் மோசம். “ஆவியானவர்தாமே நம்முடைய ஆவியுடனேகூடச் சாட்சிகொடுக்கிறார்” என்று ரோமர் 8:16 வாசித்து வளர்ந்தவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? தனித்தமிழ்த் தூய்மைக்காகத் ‘தோற்றச் சான்று’ என்றால் போட்டோ ஒட்டித் தரும் சான்றிதழ் மாதிரி இருக்கிறது.

கம்பனைப் புரட்டினாலே சொல் கிடைக்கும். சூர்ப்பணகை சொல்லக் கேட்ட மயக்கத்தில் இராவணன் எதிரே ஓர் உருவைக் கண்டு, இவள்தானா சீதை என்கிறான். சூர்ப்பணகையோ, இவன் இராமன் என்கிறாள். பார்ப்பது ஒரே வெற்றிடம். உரைகாரர்கள் இதை உருவெளித் தோற்றம் என்பார்கள். அதிலிருந்து ‘உருவெளிச் சாட்சியம்’. ‘சாட்சி’ திருச்சபையில் எழுந்து சொல்வது; நீதிமன்றத்துக்குச் ‘சாட்சியம்’தான் சரி.

இந்தச் சாட்சியத்தை ஏற்காமல் 1693இல் விசாரித்தபோது கிட்டத்தட்ட எல்லாரும் விடுதலையானார்கள். அப்புறம், ‘சேலத்தில் எரிக்கப்பட்ட பெண்கள்’ என்று எழுதுவதையும் நிறுத்துங்கள். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், அதில் ஆண்களும் உண்டு. கைல்ஸ் கோரியைக் கல் ஏற்றி நசுக்கினார்கள். ஒருவரையும் எரிக்கவில்லை.