மை கொட்டிய குறியீடு வீடியோவைத் திறப்பது எப்படி?

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நூலகத்தையும் சேர்த்துக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "அறிவியல் புத்தகங்களின் உள்ளட்டையில், அந்தந்தப் புத்தகத்துக்குப் பொருத்தமான வீடியோவின் கியூஆர் குறியீட்டை அச்செடுத்து ஒட்டியிருக்கிறோம். ஒரு புத்தகத்தில் நீல மை கொட்டிக் குறியீட்டில் ஒரு பகுதி மறைந்தே போயிற்று. ஆனாலும் கைபேசியைக் காட்டியதும் வீடியோ ஓடுகிறது. இன்னொரு புத்தகத்தில் குறியீடு ஒட்டிய அன்று இருந்தபடியே பளிச்சென்று இருக்கிறது. ஆனால் வீடியோ வரவில்லை. இது எப்படி?"

அருமையான கேள்வி. முதல் பாதிக்குப் பதில், எனக்குத் தெரிந்த மிக அழகான கணக்குகளில் ஒன்று.

தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு, கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக இந்தக் குறியீட்டை உருவாக்கியது. தமிழ்நாட்டில் 2018-ல் புதிய பாடநூல்கள் வந்தபோது அவற்றிலும் இது இடம்பிடித்தது. கறுப்புக் கட்டம் 1, வெள்ளைக் கட்டம் 0. எட்டுக் கட்டங்கள் சேர்ந்தால் ஒரு பைட், அதாவது 0 முதல் 255 வரையிலான ஓர் எண். மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்கள், குறியீடு எங்கே, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேமராவுக்குச் சொல்கின்றன. அந்தச் சதுரத்தின் மையம் வழியாக எந்தக் கோணத்தில் ஒரு கோடு இழுத்தாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்ற பட்டைகள் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். பத்திரிகைகள், துண்டறிக்கைகள், அட்டைப்பெட்டிகள் என்று அச்சான பொருள்களையெல்லாம் அலசி, அச்சில் மிக அரிதாக வரும் விகிதம் இது என்று கண்டுபிடித்த பிறகே ஹாராவின் குழு இதைத் தேர்ந்தெடுத்தது.

இனி மைக்கு வருவோம்.

5, 7 என்ற இரண்டு எண்களை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத் தாளில் 1-க்கு நேரே 5 உயரத்தில் ஒரு புள்ளி, 2-க்கு நேரே 7 உயரத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் இணைத்து நேர்கோடு வரைந்து அதை நீட்டினால், 3-க்கு நேரே 9 வரும், 4-க்கு நேரே 11 வரும். இப்போது இரண்டு எண்களுக்குப் பதிலாக 5, 7, 9, 11 என்று நான்கையும் அனுப்புகிறோம். வழியில் 9 கெட்டு 2 ஆகிவிட்டது. கையில் கிடைப்பது 5, 7, 2, 11.

எது கெட்டது என்று பெறுபவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் புள்ளிகளைக் குறித்துப் பார்த்தால் மூன்று புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும், ஒன்று மட்டும் விலகி நிற்கும். வேறு எந்தக் கோடு வரைந்தாலும் அதில் இரண்டு புள்ளிகளுக்கு மேல் அமையாது. ஆகவே கெட்டது மூன்றாவது எண். கோட்டைப் பார்த்து அதன் சரியான மதிப்பு 9 என்றும் சொல்லிவிடலாம். தவறு எங்கே என்பதும் அதற்குத் திருத்தம் என்ன என்பதும் ஒரே படத்திலிருந்து கிடைத்துவிடுகின்றன.

மிகச் சிறிய கியூஆர் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 21 கட்டங்கள், உள்ளே மொத்தம் 26 பைட்டுகள். பாதுகாப்பை உச்சத்தில் வைத்தால் அவற்றில் 9 மட்டுமே தகவல். மீதி 17-ம், மேலே கூடுதலாக அனுப்பிய 9, 11 போல, காவலுக்கு. 9 எண்களுக்கு நேர்கோடு போதாது, எட்டாம் படிப் பல்லுறுப்புக்கோவையின் வளைகோடு வேண்டும். அப்படிப்பட்ட இரண்டு வெவ்வேறு வளைகோடுகள் அதிகபட்சம் 8 இடங்களில்தான் சந்திக்கும். இது பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தின் நீட்சிதான்.

மை கொட்டி 8 பைட்டுகள் கெட்டுவிட்டன என்போம். நல்லவை 18. உண்மையான வளைகோடு அந்த 18 புள்ளிகள் வழியாகவும் போகும். போலி வளைகோடு ஒன்று நம்மை ஏமாற்ற வந்தால்? நல்ல புள்ளிகளில் அதிகபட்சம் எட்டை அது தொடலாம். கெட்ட எட்டும் தற்செயலாக அதற்கே சாதகமாக அமைந்தாலும் மொத்தம் 16. பதினெட்டுக்கு முன்னால் பதினாறு தோற்றுத்தான் ஆக வேண்டும். கிட்டத்தட்ட 30 சதவீதம் அழிந்த பிறகும் உண்மை ஐயமின்றி வெல்கிறது! எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் இந்தக் கணக்கு எனக்கு அலுப்பதில்லை.

குறியீட்டுக்குள் நடக்கும் கணக்கின் வடிவம் சற்று வேறு. பின்னங்கள் வந்தால் பைட்டில் அடங்காது என்பதால், கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் வகுத்தாலும் விடை 0-க்கும் 255-க்கும் இடையிலேயே நிற்கும் ஒரு தனி எண்கணிதம் அங்கே புழங்குகிறது. அடிப்படைத் தத்துவம் நாம் பார்த்ததுதான். இன்னொரு நுட்பமும் உண்டு. மை திட்டாகத்தான் கொட்டும். ஒரு பைட்டின் எட்டுக் கட்டங்களை, பெரும்பாலும் அகலம் 2, உயரம் 4 என்று பக்கம் பக்கமாக வைத்திருக்கிறார்கள். ஒரு பைட்டில் ஒரு கட்டம் கெட்டாலும் எட்டும் கெட்டாலும் ஒரே பிழைதான். அதனால் ஒரு திட்டு சில பைட்டுகளோடு அடங்கிப்போகிறது. ஆனால் அதே மை மூலைச் சதுரத்தின் மேல் கொட்டியிருந்தால், இந்தக் கணக்கு தொடங்குவதற்கே வழியில்லாமல் போயிருக்கலாம். மூலைகளுக்கு இந்தக் காவல் கிடையாது.

இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இருவர் 1960-ல் ஐந்தே பக்கக் கட்டுரையில் இந்த முறையை வெளியிட்டார்கள். அப்போது இதை வேகமாகச் செய்து முடிக்கும் வழியே கிடையாது. அது பின்னால் வந்தது. குறுந்தகடு கீறலைத் தாண்டிப் பாடியதும் இந்தக் கணக்கால்தான். யுரேனஸ் அருகிலிருந்து 1986-ல் வாயேஜர் 2 விண்கலம் அனுப்பிய படங்கள் பிழையின்றி வந்து சேர்ந்ததிலும் இதற்குப் பங்குண்டு. இதற்கு அடித்தளமான எண்கணிதமோ 1832-ல் இருபது வயதில் இறந்துபோன பிரெஞ்சுக் கணித மேதை எவரிஸ்த் கலுவாவிடமிருந்து வந்தது. கணித ஆய்வுக்குப் பணம் கேட்டு வருபவரிடம் "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்கும் வழக்கம் நம் நாட்டில் ஒழிய வேண்டும். அந்தக் கேள்வியைக் கலுவாவிடம் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்?

இனி இரண்டாவது புத்தகம். குறியீட்டுக்குள் வீடியோ இல்லை. மிகப் பெரிய குறியீட்டில்கூட 2,953 பைட்டுகளுக்கு மேல் கொள்ளாது. தமிழில் 'நூலகம்' என்ற நான்கு எழுத்துச் சொல்லுக்கே 18 பைட்டுகள் செலவாகும் என்றால், ஒரு நிமிட வீடியோவைப் பற்றிப் பேசவே வேண்டாம். உள்ளே இருப்பது வீடியோவின் இணைய முகவரி மட்டுமே. கைபேசி முகவரியைச் சரியாகப் படித்திருக்கும். அந்த முகவரியில் இருந்த வீடியோவை யாரோ நீக்கியிருப்பார்கள், அல்லது இலவசமாகக் குறியீடு உருவாக்கித் தந்த தளம், வீடியோவுக்குத் திருப்பிவிடும் தன் இடைவழி முகவரியை மூடியிருக்கும். ரீட்டும் சாலமனும் காகிதத்தில் நேரும் சேதத்தைத்தான் சரிசெய்வார்கள்.

தீக்‌ஷா என்ற அரசின் கல்வித் தளத்தில் இதற்கு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பாடநூல் குறியீட்டுக்குக் கீழே எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறி ஒன்று இருக்கும். அந்தக் குறிக்கு எந்த வீடியோ என்பது தளத்தில் உள்ள அட்டவணையில் இருக்கிறது. வீடியோ மாறினால் அட்டவணையைத் திருத்தினால் போதும், புத்தகத்தைத் திரும்ப அச்சிட வேண்டியதில்லை. பள்ளி நூலகமும் இதையே செய்யலாம்: பள்ளியின் பெயரில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, புத்தகத்தின் பதிவேட்டு எண்ணோடு முடியும் முகவரியைக் குறியீட்டில் போடுங்கள். வீடியோ போய்விட்டால் அந்தப் பக்கத்தில் வேறொன்றை மாட்டிவிடலாம்.

முகவரி சின்னதாக இருக்கட்டும். 30 எழுத்து ஆங்கில முகவரிக்குக் குறைந்த பாதுகாப்பு போதுமென்றால் பக்கத்துக்கு 25 கட்டங்கள் ஆகும். உச்சப் பாதுகாப்பு வேண்டுமென்றால் 33 ஆகும். ஒரே அளவுத் தாளில் கட்டங்கள் சிறுத்துவிடும், பழைய கைபேசிகள் திணறும். பிள்ளைகள் கை மாறி மாறிப் போகும் புத்தகத்துக்கு நடுத்தரப் பாதுகாப்பே நான் சொல்வது. சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை விளிம்பு கட்டாயம் வேண்டும்; அழகுக்காகக் கோடு வரைந்து அதை அடைத்துவிடாதீர்கள். நூலக முத்திரையை வேறு இடத்தில் குத்துங்கள். குறியீட்டுக்குக் கீழே வீடியோவின் தலைப்பையும் கையால் எழுதி வையுங்கள். இணையம் இல்லாத நாளில் நூலகக் கணினியில் இறக்கி வைத்திருக்கும் வீடியோவைப் பிள்ளைகள் அந்தத் தலைப்பைப் பார்த்தே தேடி எடுத்துக்கொள்வார்கள்.