கடல் பெரிசுதான், பாரிட் பெரிசில்லையே

இந்த மாதம் இது மூன்றாவது நீர்நாய். மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பாகான் செராயில் என் கால்நடை கிளினிக்குக்கு வருவது பெரும்பாலும் பூனை, நாய், சில நாள் மாடு. போன செவ்வாய்க்கிழமை ஒருவர் உரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இறால் குளத்தைச் சுற்றித் தொங்கவிட்ட நைலான் வலை அதன் கழுத்தில் சதைக்குள்ளே புதைந்து கிடந்தது, அறுத்து எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. "இறாலத் திங்க வந்துச்சு டாக்டர், நான் என்ன செய்ய?" என்றார். கெட்டவர் இல்லை, தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த இ.பி.எஃப். ஓய்வூதியச் சேமிப்புப் பணத்தைக் குளத்தில் போட்டவர். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு நான்தான் போன் போட்டேன்.

அவர் குளத்துக்கு அந்தப் பக்கம் மாத்தாங் பாக்காவ் காடு, அதாவது அலையாத்திக் காடு, 40,000 ஹெக்டேருக்கு மேல். குவாலா கூலா கொக்கு நாரைகளும் ஆற்று முகத்து இராவதி டால்பினும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

சரி, எனக்கு எரிச்சல் வருவது குளத்துக்காரர்கள் பேசும் வேறு ஒரு பேச்சால். "குளம் காட்டுக்கு வெளியதானே இருக்கு, தண்ணிய வெளிய விட்டா கடல் பெரிசு, கரைஞ்சிரும்." ஐயா, நீங்கள் விடுவது கடலில் இல்லை, பாரிட்டில், கடலுக்குப் போகும் சின்ன வாய்க்காலில். அறுவடையன்று மதகைத் திறந்தால் அடியில் தங்கிய தீவனமும் கழிவும் கறுப்புச் சேறாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இறங்கும். கடல் வற்றும்போது அது கொஞ்ச தூரம் போகும், ஏறும்போது திரும்பி வரும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை இதே கதை. வந்த தண்ணீரைப் பக்கத்துக் குளத்துக்காரர் பம்ப் வைத்து உறிஞ்சுவார், உங்கள் குளத்து இறாலின் வெண்புள்ளி நோய் அவர் குளத்துக்குப் போவது இப்படித்தான். அப்புறம் இரண்டு பேரும் என்னிடம் மருந்து கேட்டு வருவீர்கள். அது வைரஸ், மருந்து கிடையாது. குளோரம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக் கேட்டு வராதீர்கள், தடை செய்தது, தரமாட்டேன்.

பாக்காவை வெட்டிப் புதுக்குளம் போடலாம் என்று யாராவது சொன்னால் காசை எடுத்துக்கொண்டு ஓடிவிடுங்கள். அந்தச் சேறு காற்றுப் பட்டால் அமிலமாகும். மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு போட்டும் சில வருடத்தில் குளத்தைக் கைவிட்டவர்கள் எத்தனை பேர்!

குளம் ஏற்கெனவே இருந்தால், கழிவு நீரைத் தனிக் குட்டையில் தேக்கித் தெளியவிட்டு வெளியேற்றுங்கள், அடிச்சேற்றை மழையில் கரைந்து பாரிட்டுக்கு இறங்காத இடத்தில் தனியாகக் கொட்டி வையுங்கள். குளத்துக்குள் புகுந்த மீனைக் கொல்லப் போட்ட தேயிலை விதைப் பிண்ணாக்குத் தண்ணீரை உடனே திறந்துவிடாதீர்கள், அது இறாலை விட்டுவிட்டு மீனை மட்டும் கொல்லும், பாரிட்டிலும் அதையேதான் செய்யும். தொங்கும் வலையைக் கழற்றிவிட்டு இறுக்கமான கம்பி வேலி போடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த அண்ணன் வலையைக் கழற்றுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். சனிக்கிழமை அந்தப் பக்கம் ஒரு மாட்டுக்கு ஊசி போடப் போகிறேன், எட்டிப் பார்ப்பேன்.