தாழ்த்திய வேனில் ஆள் ஏறினால் என்ன ஆகும்?

பார்வைக்காகப் பழைய வேனின் உயரத்தைக் குறைத்துத் தாழ்த்தித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இதில் எத்தனை பேர் போவீர்கள்?" என்றுதான். வேன் சுமை ஏற்றுவதற்கென்றே செய்த வண்டி. காலியாக நிற்கும்போது பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். ஆளும் பொருளும் ஏறினால் அமுங்குவதற்காக விட்டுவைத்த இடம் அது. வண்டியை இறக்கும்போது அந்த இடத்தைத்தான் தின்கிறோம்.

வேறு இடத்தில் ஸ்பிரிங்கை வெட்டி இறக்கிய வேன் ஒன்று என்னிடம் வந்தது. "குழியில் விழுந்தால் முதுகு உடைகிறது, அவ்வளவுதான்" என்றார் உரிமையாளர். காலி வண்டியில் பின் ஆக்ஸிலுக்கும், அது பாடியில் நேராக மோதாமல் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. வீட்டார் ஆறு பேரையும் ஏறி உட்காரச் சொன்னேன். ஆக்ஸில் போய் ரப்பரில் உட்கார்ந்துகொண்டது. இனி ஒவ்வொரு குழியும் நேராக பாடியில்தான் இடிக்கும். சக்கரம் துள்ளி, தரையைச் சரியாகப் பிடிக்காத அந்த நொடியில் பிரேக் மிதித்தால் என்ன பயன்?

அப்புறம் ஜாக்கியில் தூக்கினேன். வெட்டிய ஸ்பிரிங் தான் உட்காரும் தட்டை விட்டு விலகி, கையால் சுற்றினாலே சுழன்றது. முன்பக்கம் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிப் பார்த்தபோது பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸில் டயர் உரசியது. ஹோஸின் மேல் ரப்பர் தேய்ந்து உள்நூல் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாளில் பிரேக் ஆயில் வெளியே வந்திருக்கும். அதைக் காட்டியபோது அந்த வீட்டு அம்மாவின் முகம் மாறியதை நான் மறக்கவில்லை.

காயில் ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். சூடுகாட்டி உட்கார வைப்பது இன்னும் மோசம், இரும்பின் பதமே போய்விடும். ஆக்ஸிலுக்குக் கீழே கமான் பட்டை (அடுக்கடுக்கான இரும்புப் பட்டை ஸ்பிரிங்) உள்ள வண்டியில் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்து இறக்குவார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டை வைக்கக் கூடாது. முன் ஆக்ஸிலில் கட்டையே வேண்டாம் என்பேன்.

ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனில் ஸ்பிரிங் வேலையை, முறுக்கினால் திரும்பி வரும் முறுக்குக் கம்பி (டார்ஷன் பார்) செய்கிறது. 1967 வரை வந்த பழைய மாடலில் பின்பக்கத்தை இறக்கினால் சக்கரங்களின் மேல்பகுதி உள்ளே சாயும். வெளியே நின்று பார்த்தால் டயர் புதிதுபோல் இருக்கும். உள்விளிம்பு தேய்ந்து டயரின் கம்பி தெரியும். முன்பக்கம் இறக்க ஆக்ஸில் குழாயை அறுத்து, உயரத்தை மாற்றும் அட்ஜஸ்டரை வெல்டிங் செய்வார்கள். முன்சக்கரங்கள் இரண்டும் அந்தக் குழாயைத்தான் நம்பி நிற்கின்றன, அதனால் கைதேர்ந்த வெல்டர் அல்லாத யாரிடமும் அதைக் கொடுக்காதீர்கள்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சில வேன்களில் சுமைக்கு ஏற்ப பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கும். பாடிக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரத்தை வைத்துத்தான் அது சுமையை அறிகிறது. வண்டியை இறக்கிவிட்டு வால்வைச் சரிசெய்யாமல் விட்டால், காலி வண்டியையும் சுமை வண்டி என்றே எடுத்துக்கொள்ளும். ஈரச் சாலையில் பிரேக் போட்டால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுற்றிவிடும்.

அந்த வேனுக்கு அளவான ஸ்பிரிங்கும் அதற்கேற்ற நீளத்தில் ஷாக் அப்சார்பரும் புதிய ஹோஸும் போட்டு, முகப்பு விளக்கையும் வீல் அலைன்மென்ட்டையும் சரிசெய்தேன். மறுபடி ஆறு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். இந்த முறை ஆக்ஸிலுக்கும் ரப்பருக்கும் நடுவே என் உள்ளங்கை தாராளமாக நுழைந்தது.